முதலில் உட்காரட்டும், பிறகு கேட்போம்!



வெயில் காலத்தில் காலை வழிபாட்டுக் கூட்டம் கொஞ்சம் நீண்டுவிட்டால் போதும். வரிசையில் எங்காவது ‘தொப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே எல்லாரும் சுற்றி நின்றுகொள்வார்கள். "காலையில சாப்பிடாம வந்துட்டா போல" என்பார் ஒருவர். "சும்மா நடிக்கிறாடா, இன்னிக்கு கணக்கு டெஸ்ட்டு" என்பார் இன்னொருவர். "காத்து கருப்பு அடிச்சிருக்கும்" என்று சொல்பவர்களும் உண்டு. யாராவது ஒருவர் சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்.

மயங்கி விழுந்தவருக்கு உண்மையில் என்ன நடந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

நாம் அசையாமல் நிற்கும்போது, பூமியின் ஈர்ப்பால் 500 முதல் 800 மில்லி லிட்டர் வரை இரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் தேங்குகிறது. சாதாரணமாக உடம்பு இதைச் சமாளித்துக்கொள்ளும். சிலருக்கு மட்டும் திடீரென்று எல்லாம் தலைகீழாக நடக்கிறது. இதயத் துடிப்பு குறைகிறது, இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இரத்த அழுத்தம் சரிகிறது. மூளைக்குப் போதிய இரத்தம் போகாமல் நினைவு தப்புகிறது. இதற்கு ‘வாஸோவேகல் மயக்கம்’ என்று பெயர். பிரிட்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1932-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நீண்ட நேரம் நிற்பது, வெயில், தண்ணீர் குடிக்காமல் இருப்பது, ஊசி, இரத்தத்தைப் பார்ப்பது, கடும் வலி, பயம் ஆகியவை இதைத் தூண்டும். முதல் மயக்கம் பெரும்பாலும் நம் வயதில்தான் வருகிறது.

இது பலவீனமா? 2023 ஜூன் மாதம் லண்டனில் மன்னரின் பிறந்தநாள் அணிவகுப்புக்கான ஒத்திகை நடந்தது. 30 டிகிரி வெயிலில், கம்பளி உடையும் பெரிய உரோமத் தொப்பியுமாக நின்ற சிப்பாய்களில் சிலரே மயங்கி விழுந்தார்கள். பயிற்சி பெற்ற படைவீரருக்கே அப்படி என்றால், ஒன்பதாம் வகுப்புத் தங்கையைப் பார்த்து ‘நடிக்கிறா’ என்று சொல்வது நியாயமா?

இதை எழுதும் எனக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. இதுவரை நான்கு முறை விழுந்திருக்கிறேன். மயக்கம் ஒன்றும் சொல்லாமல் வருவதில்லை. முதலில் கொட்டாவி வரும், வயிற்றைப் பிரட்டும், கழுத்தில் குளிர்ந்த வியர்வை வரும். பிறகு காதுக்குள் ‘ங்ஙொய்’ என்ற சத்தம். கண்ணின் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும். இவ்வளவும் சேர்ந்து ஒரு நிமிடம் கூட இருக்காது. அந்த நேரத்துக்குள் உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கையைத் தூக்குகிறோம். ஆசிரியர் பார்க்கும் வரை காத்திருக்கிறோம். கடைசி முறை நான் கையைத் தூக்கியபடியேதான் விழுந்தேன். தாடையில் மூன்று தையல். மயக்கம் இருபது நொடியில் தெளிந்துவிட்டது. தையல் பிரிக்கத்தான் ஒரு வாரம் ஆனது.

ஆகவே என் கருத்து இதுதான். தலை சுற்றுகிறது என்று உணரும் மாணவர் யாரையும் கேட்காமல் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம் என்று நம் பள்ளியில் ஒரு விதி வேண்டும். முதலில் உட்காரட்டும், காரணத்தைப் பிறகு கேட்கலாம்.

"அப்புறம் எல்லாரும் உட்கார்ந்துடுவாங்களே?" என்று கேட்கலாம். உட்காரட்டுமே! பொய் சொல்பவனுக்குக் கிடைப்பது ஐந்து நிமிட ஓய்வு. உண்மையாகவே மயங்குபவளுக்குப் போவது பல்லோ மண்டையோ. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. "தேசிய கீதம் பாடும்போது உட்காரலாமா?" என்றும் கேட்பார்கள். நிற்க முடிந்தவர்கள் எல்லாரும் நிற்க வேண்டும், அதுதான் மரியாதை. உடம்பு விடாததால் உட்கார்ந்தவரை மரியாதை இல்லாதவர் என்று யாராவது சொல்ல முடியுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பரிதாபம் வேண்டாம். "நீ கூட்டத்துக்கே வராதே, டூருக்கு வராதே, விளையாட்டு விழாவில் நிற்காதே" என்று ஒதுக்கி வைக்கவும் வேண்டாம். நாங்கள் செய்ய வேண்டியதை நாங்கள் செய்துகொள்வோம். காலையில் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருவோம். நிற்கும்போது குதிகாலை ஏற்றி இறக்குவோம். அறிகுறி தெரிந்தால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் வயிற்றையும் இறுக்குவோம். இது பாட்டி வைத்தியம் இல்லை. 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இப்படி மயங்கும் 223 பேர் கலந்துகொண்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் மறுபடி மயங்கினார்கள். இந்தப் பயிற்சியும் பெற்றவர்களில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஊசி போடும்போது படுத்துக்கொண்டால் விழ வேண்டிய அவசியமே இல்லை.

அப்படியும் யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் செய்ய வேண்டியவை:

1. தூக்கி நிறுத்தாதீர்கள், நாற்காலியிலும் உட்கார வைக்காதீர்கள். படுக்க வைத்துக் கால்களை உயர்த்திப் பிடியுங்கள். ஒரு புத்தகப் பை போதும்.
2. சுற்றி நிற்காதீர்கள், காற்று வரட்டும்.
3. முழுதாகத் தெளியும் முன் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள்.
4. கை கால் ஓரிரு நொடி வெட்டினால் பயப்படாதீர்கள், சாதாரண மயக்கத்திலும் அது வரும். சாவிக்கொத்து எதற்கும் உதவாது.
5. தெளிந்ததும் உடனே எழ விடாதீர்கள். பத்து நிமிடமாவது படுத்திருக்கட்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எல்லா மயக்கமும் ஒன்றல்ல. ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கினால், நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தால், குடும்பத்தில் யாராவது சிறுவயதில் திடீரென்று இறந்திருந்தால் கட்டாயம் மருத்துவரிடம் காட்டி ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் தெளியவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள்.

தலைமையாசிரியர் அம்மா அவர்களும் உடற்கல்வி ஆசிரியர் அவர்களும் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தில் ஒரே ஒரு அறிவிப்புப் போதும். இதற்குப் பணம் ஒரு பைசா செலவில்லை. நண்பர்களே, நாளைக்கு உங்கள் பக்கத்தில் ஒருத்தி சட்டென்று உட்கார்ந்தால் சிரிக்காதீர்கள். அவள் முகத்தில் வெயில் படாதபடி கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.



– பதினோராம் வகுப்பு மாணவி