பேய் வீடும் பழைய வீடும்

புதுச்சேரி முதலியார்பேட்டையில், திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட பழைய வீடொன்று சில வருஷங்கள் பூட்டிக் கிடக்குமாயின், அங்கே நள்ளிரவில் சலங்கையொலி கேட்பதாக ஒரு வதந்தி பிறந்துவிடுவது நம்மவர் சம்பிரதாயம். அவ்வொலிக்குக் காரணம் பெரும்பாலும், பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் மர உத்திரங்களும், மச்சிலே குடியேறிய மரநாயுமே என்று சொன்னால் எவரும் ரசிப்பதில்லை.

ஆவியினும் அபாயகரமானவை, தலைமுறை தாண்டியும் தீராத பாகப்பிரிவினை வழக்கும், சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டைப் பூசி உள்ளீரத்தைச் சிறைப்படுத்தும் அறியாமையுமாகும். 2014 நவம்பர் மழையில், கடற்கரைச் சாலையிலிருந்த பிரெஞ்சுக்காலத்து நகரமன்றமான மேரி கட்டடம் எந்தப் பூதத்தின் சகாயமுமின்றி இடிந்து விழுந்ததைக் கண்ட ஊரல்லவா இது! பின்னர் அது புதிதாக எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது வாஸ்தவமே. தனியார் வீடுகளுக்கு அந்தப் பாக்கியம் ஏது?

பேய்க்கதை சொல்வதை நான் ஆட்சேபிக்கவில்லை. கதையுள்ள வீட்டை விலைக்கு வாங்கி இடிக்க வருபவனும் சற்றே தயங்குவான் அன்றோ? ஆயினும், பழைய வீடுகளைப் பேணுவோருக்கு நகராட்சி சொத்துவரியில் சலுகை அளித்து, சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தர்களைக் கொண்டு இளைஞருக்குப் பயிற்சியும் தருமாயின், வாரிசுகள் தாமாகவே பூட்டைத் திறக்க முன்வருவர்.