வாளும் ஆளும்

சாமுராய் வாள் பெருசா, டமாஸ்கஸ் வாள் பெருசான்னு யாராவது ஆரம்பிச்சா போதும், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை ஓடும். நடுவுல நம்மாளு ஒருத்தர் வந்து, "டமாஸ்கஸ் வாளுக்கே எஃகு தென்னிந்தியாவுல இருந்துதான் போச்சு"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்குவார். அவர் சொல்றதுல விஷயம் இருக்கு. ஆனா பெருமைப்படுற அளவுக்கு நாம எதைக் காப்பாத்தினோம் மக்களே?

முதல்ல செய்முறை. ஜப்பான்ல இரும்பு மணலையும் கரியையும் 'தட்டாரா' உலையில மூணு நாள் விடாம எரிப்பாங்க. கிடைக்கிற எஃகுல கார்பன் சீரா இருக்காது, கசடும் இருக்கும். அதனாலதான் மடிச்சு மடிச்சு அடிக்கிறாங்க. "ஆயிரம் தடவை மடிச்ச வாள்" எல்லாம் சினிமா. 15 தடவை மடிச்சாலே அடுக்கு முப்பதாயிரத்தைத் தாண்டிடும், கணக்குப் போட்டுப் பாருங்க :-)

நம்ம உருக்கு வேற வழி. இரும்போட மரத்துண்டு, இலை எல்லாம் சேர்த்து மண்மூசையில அடைச்சு உருக்கிடுவாங்க. கசடு தனியா பிரிஞ்சிடும். அந்தக் கட்டியை அளவான சூட்டுல தட்டித் தட்டி வாளாக்கினா தண்ணி அலை மாதிரி வரி வரும். ரெண்டுமே கையில கிடைச்ச இரும்புக்கு ஏத்த மூளை. இதுல பெருசு, சின்னது என்ன?

வித்தியாசம் அதுக்கப்புறம்தான். 1945-ல் போர் முடிஞ்சதோட தட்டாரா அணைஞ்சுது. 1977-ல் ஷிமானே மாகாணத்துல, வாள் பாதுகாப்புச் சங்கம் ஒண்ணு அதை மறுபடி பத்த வச்சுது. 32 வருஷ இடைவெளி. ஆனா பழைய உலைக்காரங்க உயிரோட இருந்தாங்க, அவங்க கையால அடுத்த தலைமுறை கத்துக்கிச்சு.

இங்க? 1800-01-ல் புக்கனன் மைசூர் பக்கம் எஃகு உருக்குறதைப் பார்த்து எழுதியே வச்சார். அந்த நூற்றாண்டுலயே தொழில் படுத்துடுச்சு. 1990-கள்ல அமெரிக்காவுல வெர்ஹோவனும் பென்ட்ரேயும் நுண்ணோக்கியும் சுத்தியலுமா உட்கார்ந்து, தாதுவுல துளியூண்டு வனேடியம் மாதிரி உலோகம் இருந்தாதான் அந்த வரி விழும்னு கண்டுபிடிக்க வேண்டியதாச்சு. டாக்குமென்ட் இருக்கு, வேலை தெரிஞ்சவர் போயிட்டார்ங்கிற ப்ராஜெக்ட் பார்த்திருப்பீங்களே, அதேதான்.

அதனால என் கட்சி இதுதான்: தொழில் அருங்காட்சியக வாள்ல இல்லை, ஆள்கிட்ட இருக்கு. செத்துப்போன உருக்குக்காகச் சண்டை போடுற நேரத்துல, திருப்பாச்சேத்தியில அருவா அடிக்கிறவர்கிட்ட ஒரு கேள்வி கேட்கலாம்: "அண்ணே, உங்ககிட்ட கத்துக்க யாராவது இருக்காங்களா?"