பில் வெறுந்தாளாகலாமா?

தோழர்களே! 2020 அக்டோபரில் வணிகருக்கு வணிகர் போடும் பில்லை மின்-விலைப்பட்டியலாக்கும் விதி வந்தது. அன்று அது 500 கோடிச் சீமானுக்கு, பட்டறைக்காரனைத் தொடவில்லை. பின்னர் 100, 50, 20, 10 என்று படிப்படியாய் இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடியில் வந்து நின்றது. நாளை நம் வாசற்படிக்கு வராது என்று எவர் எழுதிக் கொடுத்தார்?

விதிக்கு உட்பட்டவன் அரசுத் தளத்தில் பதிந்து எண் பெறாவிட்டால், அவன் பில் பில்லே அல்ல, வெறுந்தாள்! வாங்கியவருக்கு வரிவரவு தடைபடும். அவர் பணத்தை நிறுத்துவார். பட்டறையிலே கூலி நிற்கும்! அடி விழுவது யார் வயிற்றில்? உழைப்பவன் வயிற்றில்!

ஆகவே, இன்றே பழகுவீர்! வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண், சரக்கின் குறியீடு, பில்லின் வரிசை எண், மூன்றும் பிழையற அமையட்டும். ஆள்வோரே! எல்லையை இறக்குமுன், எளியவன் மொழியில் கற்றுக் கொடுங்கள்; தண்டம் பிறகு கேளுங்கள்!