தலையில் தேய்க்கிற பெட்ரோலியம்

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் வடகரைக்காரர்களுக்குக் குற்றாலம் பக்கத்து வீடு மாதிரி. காலையில் பைக்கை எடுத்தால் ஐந்தருவியிலோ பழைய குற்றாலத்திலோ ஆசை தீரக் குளித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் இந்தப் பயணத்தைச் சொல்லித்தான் முதல் புலம்பல் கேட்கும். டேங்கில் ஊற்றுகிற பெட்ரோலுக்கு எல்லோரிடமும் கணக்கு இருக்கிறது. அருவிக்கரையில் தலையில் தேய்க்கிற பெட்ரோலியத்துக்குத்தான் கணக்கே கிடையாது.

வேடிக்கைக்குச் சொல்வதல்ல. பிசுபிசுப்பே இருக்காது என்று விளம்பரம் செய்யப்படும் தலைமுடி எண்ணெய்கள் சிலவற்றின் பாட்டிலைத் திருப்பி, பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படித்துப் பார்க்கலாம். 'மினரல் ஆயில்' என்றோ 'லைட் லிக்விட் பாரஃபின்' என்றோ இருக்கும். இரண்டும் கச்சா எண்ணெயிலிருந்து வருபவை. தலையில் தடவுவதற்கென்று நன்றாகச் சுத்திகரித்தவைதான், அதனால் பதற வேண்டியதில்லை. ஆனால் வடகரை எங்கே இருக்கிறது? மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவில். தேங்காய் காய்க்கிற ஊர்க்காரர், ஏதோ ஒரு பாலைவனத்துக்கு அடியிலிருந்து எடுத்த எண்ணெயைத் தலையில் வைத்துக்கொண்டு தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறார்.

ஷாம்பு கதையும் கிட்டத்தட்ட இதுதான். பெரும்பாலான ஷாம்புகளில் நுரை பொங்கச் செய்யும் 'சோடியம் லாரத் சல்பேட்' பாதி தாவரம், பாதி பெட்ரோலியம். தேங்காய் எண்ணெய் அல்லது பாமாயில் வகையிலிருந்து ஒரு பங்கு, எண்ணெய்த் தொழிற்சாலையில் உருவாகும் எத்திலீன் ஆக்சைடிலிருந்து இன்னொரு பங்கு. அதை அடைத்திருக்கும் பாக்கெட்டுக்கு அந்தப் பாதித் தாவரம்கூடக் கிடையாது.

அந்தப் பாக்கெட்டுக்கு ஒரு தமிழ்நாட்டு வரலாறு உண்டு. ஷாம்பு என்றாலே பெரிய பாட்டில், பணக்காரர் வீட்டுக் குளியலறை என்று இருந்த காலத்தில், கூலி வேலை செய்பவரும் அதை வாங்க முடிய வேண்டும் என்று யோசித்தவர் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். சின்னப் பாக்கெட்டில் அடைத்து வெல்வெட் ஷாம்புவைக் கடைக்குக் கடை தொங்கவிட்டார்கள். 1983ல் அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் தனியாகத் தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. பிறகு உலகக் கம்பெனிகளெல்லாம் இதே வழிக்கு வந்தன. எண்ணம் நல்ல எண்ணம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. ஷாம்பு ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது, பாக்கெட் தீருவதில்லை. வந்த சிக்கல் அங்கேதான்.

பல பாக்கெட்டுகள் ஒரே பிளாஸ்டிக் தாளும் அல்ல. இரண்டு மூன்று வகைப் படலங்களை ஒன்றோடொன்று ஒட்டியிருப்பார்கள், சிலவற்றின் நடுவே அலுமினியமும் இருக்கும். பிரித்தெடுப்பது பெரும்பாடு என்பதால் பழைய சாமான் வியாபாரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வியாபாரி பொறுக்காததை ஆறு அள்ளிக்கொண்டு போகிறது. குற்றாலத்தில் விழுவது சிற்றாறு. அது தாமிரபரணியில் சேர்கிறது, தாமிரபரணி புன்னக்காயல் பக்கம் கடலில் கலக்கிறது. வடகரைப் பக்கத்து அனுமன் நதியும் கடைசியில் சிற்றாற்றில்தான் சேர்கிறது. பாறை இடுக்கில் செருகிவிட்டு வந்த ஒரு பாக்கெட், நல்ல வெள்ளம் வந்தால் மன்னார் வளைகுடாவரை போகும்.

குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவே போட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக், டீ கப், உறிஞ்சுகுழல் என்று 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. 2016ல் வந்த மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு விதிகள் குட்காவையும் பான் மசாலாவையும் பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடைத்து விற்கக் கூடாது என்கின்றன. ஷாம்புவுக்கு அப்படி ஒரு வரி அதில் இல்லை. பெட்டிக்கடை வாசலில் அது சரம் சரமாகத் தொங்கலாம்.

அப்படியானால் தப்பு யாருடையது? தயாரிக்கிறவர், அனுமதிக்கிறவர், வாங்கிக் கிழிக்கிறவர் என்று மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் நிற்பவரை மட்டும் பிடித்து உலுக்குவது எல்லோருக்கும் சௌகரியம். 'உங்கள் கார்பன் தடம் எவ்வளவு?' என்று 2000களின் நடுவில் உலகம் முழுக்க விளம்பரம் செய்து அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியதில் பிபி என்ற எண்ணெய்க் கம்பெனிக்குப் பெரிய பங்குண்டு. எண்ணெய் விற்கிறவரே வாங்குகிறவரிடம் கணக்குக் கேட்டார்! மலையளவு லாபம் பார்க்கிறவரையும் இரண்டு ரூபாய்க்குப் பாக்கெட் வாங்குகிறவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அதற்காகத் தராசையே தூக்கி எறிந்துவிடவும் முடியாது.

பெட்ரோலியம் இல்லாமல் வாழ் என்று வடகரையில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. மலையடிவாரத்து ஊர்களில் பெண்கள் காட்டுக்குப் போய் விறகு வெட்டித் தலைச்சுமையாக இறக்கிய காலம் அப்படியொன்றும் தூரத்தில் இல்லை. அந்தச் சுமையை இறக்கி வைத்தது கேஸ் அடுப்பு. 2007 வாக்கில் தமிழக அரசு இலவச அடுப்பு கொடுத்தபோது முதல்முறையாகப் புகையில்லாமல் சமைத்தவர்கள் எத்தனையோ பேர். 14.2 கிலோ சிலிண்டருக்குள் இருக்கும் கேஸில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து, ஹோர்முஸ் நீரிணை வழியாகக் கப்பலில். அங்கே சண்டை என்று செய்தி வந்தால் இங்கே அடுப்படியில் கவலை வருகிறது. அதே வளைகுடாவில்தான் இந்த வட்டாரத்து அண்ணன் தம்பிகள் பலர் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் அனுப்புகிற பணத்தில் வீடு எழும்புகிறது, தங்கச்சி கல்யாணம் நடக்கிறது. அந்தச் சம்பளமும் சுற்றிவளைத்துப் பார்த்தால் எண்ணெய்க் காசு. தோப்புக்குள் ஓடுகிற பிவிசி பைப், வயலுக்குப் போடும் யூரியா, ஆஸ்பத்திரியில் ஏற்றும் டிரிப்ஸ் குழாய் எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். இவற்றுக்காக யாரையும் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி விறகுக்குப் போகச் சொல்வது, அதைச் சுமக்காதவர்களுக்குத்தான் சுலபம்.

வேறு வழியே இல்லாத இடம் வேறு. வழி பக்கத்திலேயே இருந்தும் பழக்கத்தினால் பாக்கெட்டுக்குக் கை போகிற இடம் வேறு. பொறுப்பு என்ற பேச்சு இரண்டாவது இடத்தில்தான் தொடங்க வேண்டும். அந்தப் பட்டியல் நினைப்பதைவிடச் சின்னது. அருவிக் குளியல் அதில் கட்டாயம் வரும். விழுகிற தண்ணீரே உடம்பைப் பிடித்துவிடுகிற இடத்தில் ஷாம்புவுக்கு என்ன வேலை? தலைக்குத் தேய்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் சீயக்காயையும் அரப்பையும் வீட்டில் தேய்த்துக் குளித்துவிட்டு வரலாம். (சீயக்காய்த் தூளும் இப்போது பிளாஸ்டிக் பாக்கெட்டில்தான் வருகிறது. உலர்த்தி மில்லில் கொடுத்து அரைக்கிற வீடுகள் இன்னும் இல்லாமல் போகவில்லை.)

தலைக்குத் தடவும் எண்ணெய் அடுத்தது. தென்காசி வட்டாரத்தில் தேங்காய் எண்ணெயைச் செக்கில் ஆட்டி அளந்து கொடுக்கிற கடைகளுக்குப் பஞ்சமில்லை. பாத்திரம் கொண்டுபோனால் ஊற்றித் தருவார்கள். அந்தக் காலத்துத் தூக்குவாளி பல வீட்டுப் பரண்களில் இன்னும் சும்மாதான் கிடக்கிறது. கொண்டுபோவதற்கு முன் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பைக்கில் வரும்போது ஒரு வேகத்தடை போதும், எண்ணெய் முழுக்கப் பேண்டில்தான்.