சிதறிய வாக்கு, சேராத இடம்

தாராவியில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், செம்பூரில் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் மக்கள் தேடிப் போவது எம்.பி.யையோ எம்.எல்.ஏ.வையோ அல்ல, கார்ப்பரேட்டரைத்தான். மும்பை மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். அந்தப் பணத்தில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று பேசும் அவையில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 227. மும்பைத் தமிழர்களுக்கு இன்னொரு அக்கறையும் உண்டு. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. தண்ணீரைப் போலவே, ஏழைக் குழந்தையின் தாய்மொழிக் கல்வியும் இங்கே மாநகராட்சியின் கையில்.

ஆனால் அந்த அவையில் தமிழர்களின் வாக்கு எப்படி எண்ணப்படுகிறது? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் தாராவியில் குடியேறினார்கள். அலுவலக வேலைக்கு வந்தவர்கள் மாட்டுங்காவிலும் பிறகு செம்பூரிலும் தங்கினார்கள். தாராவி ஜி வடக்கு நிர்வாகப் பகுதியிலும், மாட்டுங்கா எஃப் வடக்கிலும், செம்பூர் எம் மேற்கிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பல வார்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. வார்டுக்கு ஓர் இடம்; அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி. மற்றவர்களுக்கு விழுந்த வாக்குகளுக்கு அதன் பிறகு வேலை இல்லை.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். அடுத்தடுத்து ஐந்து வார்டுகள். ஒவ்வொன்றிலும் பதிவாகும் வாக்கு 10,000. அதில் ஓர் அணிக்கு வார்டுக்கு 2,000 வாக்குகள். மொத்தம் 10,000 பேர் ஆதரித்தும் அந்த அணி ஐந்து இடங்களிலும் தோற்கும். இதே ஐந்து வார்டுகளை ஐந்து இடங்கள் கொண்ட ஒரே தொகுதியாக்கி, ராஜ்ய சபா தேர்தலைப் போல 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதச் சொன்னால் கதை மாறும். 50,000 வாக்கை ஆறால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 8,334. அத்தனை வாக்கு பெற்றவர் தேர்வாகிவிடுவார். அந்த 10,000 பேரும் ஒரே வேட்பாளருக்கு முதல் விருப்பம் தந்தால் அவருக்கு இடம் உறுதி. மிஞ்சிய 1,666 வாக்கின் மதிப்பும் வீணாகாது. அடுத்த விருப்பத்துக்குப் போகும். மதப் பிளவுக்குப் பேர்போன பெல்ஃபாஸ்ட் நகரசபை 1973 முதல் இப்படித்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஸ்காட்லாந்தின் உள்ளாட்சிகள் 2007 முதல்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நியாயம் மும்பை மாநகராட்சிச் சட்டத்துக்குப் புதிதல்ல. 1888-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் பின்னர் சேர்ந்த ஒரு பிரிவு, குழுக்களுக்கு உறுப்பினர்களை நியமிக்கும்போது கட்சிகளின் பலத்துக்கு ஏற்ற விகிதத்தில் இடம் தர வேண்டும் என்கிறது. நூறு இடம் உள்ள கட்சி எல்லாக் குழுக்களையும் சுருட்டிக்கொண்டு, பத்து இடம் உள்ள கட்சியை வெளியே நிறுத்த முடியாது. கார்ப்பரேட்டர்கள் தங்களுக்குள் பங்கு பிரிக்கும்போது செல்லுபடியாகும் விகிதாசாரம், வாக்காளர் விஷயத்தில் மட்டும் வாக்குச்சாவடி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

மகாராஷ்டிரத்தின் மற்ற மாநகராட்சிகளில் ஒரே வார்டில் நான்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை இருக்கிறதே என்று கேட்கலாம். அது விகிதாசாரம் அல்ல. வாக்காளர் நான்கு இடங்களுக்கும் தனித்தனியே நான்கு வாக்குப் போடுகிறார். வார்டில் கை ஓங்கிய கட்சி நான்கையும் அள்ளிக்கொள்ள அது வசதி. ஆனாலும் அந்த முறை ஒன்றைக் காட்டுகிறது. உள்ளாட்சி உறுப்பினர்கள் வார்டுகளிலிருந்தே நேரடியாகத் தேர்வாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-ஆர் பிரிவு சொல்வதால், நகரம் முழுவதற்கும் ஒரே கட்சிப் பட்டியல் என்பது கடினம். ஒரு வார்டுக்குப் பல உறுப்பினர்கள் என்பதோ ஏற்கெனவே நடைமுறை. மாற்ற வேண்டியது வாக்குப் போடும் விதத்தையும் எண்ணும் விதத்தையும்தான்.

எதிர்வாதம் பழையது. அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜனவரியில் விகிதாசார முறை கோரப்பட்டபோது அம்பேத்கர் மறுத்தார். எழுத்தறிவு குறைந்த நாட்டுக்கு அது ஒத்துவராது, சபை சிறு குழுக்களாக உடைந்து அரசு நிலைக்காது என்பவை அவர் சொன்ன காரணங்கள். முதல் காரணத்தின் வலு இன்று குறைந்துவிட்டது. இரண்டாவது எளிதில் தள்ளக்கூடியதல்ல. இலங்கையின் உள்ளாட்சிகளில் 2018-இல் வட்டாரத்தில் 60 சதவீதம், விகிதாசாரத்தில் 40 சதவீதம் என்ற கலப்பு முறை வந்தது. உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்கானது. பல சபைகளில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. யாழ்ப்பாணத்தில் பதவியிலிருந்த மேயரின் பட்ஜெட் தோற்று, 2020 டிசம்பர் 30-இல் வி. மணிவண்ணன் 21-க்கு 20 என்ற கணக்கில் மேயரானார். ஒற்றை வாக்கில் நிற்கும் மேயருக்குச் சாலை போடுவதைவிட ஆள் சேர்ப்பதே பெரிய வேலையாகிவிடும்.

ஆனால் மும்பையின் இப்போதைய முறை மட்டும் நிலைத்த அவையைத் தந்துவிட்டதா? 2017 தேர்தலில் சிவசேனாவுக்கு 84, பா.ஜ.க.வுக்கு 82, காங்கிரசுக்கு 31. பெரும்பான்மைக்குத் தேவை 114. விகிதாசாரம் இல்லாமலேயே தொங்கு அவைதான் வந்தது.

மொழிவாரிக் கட்சிகள் முளைக்கும் என்ற பயமும் நியாயமானதே. 1966-இல் தென்னிந்தியர்களுக்கு எதிரான முழக்கத்தோடு சிவசேனா பிறந்த நகரம் இது. 'தமிழர் பட்டியல்' என்று ஒன்று கிளம்பினால் பழைய காயம் கிளறப்படலாம். தமிழர் வெல்லத் தமிழர் கட்சிதான் வேண்டும் என்பதுமில்லை. கேப்டன் தமிழ்ச்செல்வன் சயான் கோலிவாடா சட்டமன்றத் தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளராக 2014, 2019, 2024 என மூன்று முறை வென்றிருக்கிறார். தமிழர் வாக்கு ஒரே மூட்டையும் அல்ல. தாராவித் தோல் தொழிலாளியும் மாட்டுங்கா வங்கி அதிகாரியும் ஒரே சின்னத்துக்குப் போடுவார்கள் என்று யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள். விருப்ப வரிசை முறையின் பலமே அங்கேதான். தமிழர் என்பதற்காக, குடிசைவாசி என்பதற்காக, பெண் என்பதற்காக ஒருவரை முதலாவதாகக் குறித்துவிட்டு, வேறு மொழிக்காரரை இரண்டாவதாகக் குறிக்கலாம். அந்த இரண்டாவது விருப்பத்தைப் பெற வேண்டுமானால் மராத்தி வேட்பாளர் தமிழ்ப் பள்ளியைப் பற்றியும், தமிழ் வேட்பாளர் மராத்திக் குடியிருப்பின் தண்ணீரைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும்.

2022 மார்ச்சில் அவையின் பதவிக்காலம் முடிந்த பிறகு 2026 ஜனவரி வரை மும்பைக்குத் தேர்தலே இல்லை; அதிகாரிகளே நகரை ஆண்டார்கள். தேர்தல் நடந்ததே பெரிய விஷயம் என்ற நிலையில் எண்ணும் முறையைப் பற்றிக் கவலைப்பட யாருக்கு நேரம்? அந்தக் கவலை முதலில் வர வேண்டியது, எண்ணிக்கையில் கணிசமாகவும் எந்த வார்டிலும் போதாமலும் இருப்பவர்களுக்கு. தமிழர்கள் அவர்களில் ஒரு பகுதிதான். கட்சிகள் வேட்பாளர் பட்டியலில் பெயருக்கு ஒரு தமிழரைச் சேர்ப்பது தயவு. மூன்று பேட்டைகளிலும் விழும் வாக்கை ஒன்று விடாமல் எண்ணுவது உரிமை.