ஆபத்துக்குப் பாவமில்லையா?

'ஆபத்துக்குப் பாவமில்லை' என்பது எமது முன்னோர் வாக்கு. உயிர் போகும் வேளையில் முறை பார்த்துக்கொண்டு நிற்பது மூடத்தனம் என்பதே அதன் பொருள். ஆனால், இந்நாட்டின் மீட்புப் பணியாளர் எவரிடமும் இந்த வாக்கைச் சொன்னால் அவர் தலையசைத்து மறுப்பார். 'முதலில் உன்னைக் காத்துக்கொள், பின்னரே மற்றவரைக் காப்பாற்று' என்பதே அவருக்குப் புகட்டப்பட்ட முதற் பாடம். இவ்விரண்டில் எது சரி என்ற வினா எமக்கு வெறும் பட்டிமன்றப் பொருள் அன்று. எம்மிற் பலர் ஒரு காலத்தில் நடுக்கடலில் யாராவது வரமாட்டார்களா என்று காத்துக் கிடந்தவர்கள்.

2010 டிசெம்பர் 15ஆம் நாள் அதிகாலையில் கிறிஸ்மஸ் தீவின் பாறைகளில் மோதிச் சிதறிய படகை எவர் மறக்க முடியும்? ஈரான், ஈராக் நாடுகளிலிருந்து தஞ்சம் தேடி வந்தவர்களே அதில் பெரும்பாலானோர். கரையில் நின்ற தீவுவாசிகள் கயிறுகளையும் உயிர்காப்பு அங்கிகளையும் வீசினார்கள். சிலருக்கு அவை கைக்கெட்டின, பலருக்கு எட்டவில்லை. புயலுக்கு ஒதுங்கித் தீவின் மறுபக்கத்தில் நின்ற கடற்படையின் 'பிரி' கப்பலும் சுங்கப் பகுதியின் 'ட்றைட்டன்' கப்பலும் தமது சிறு படகுகளை அனுப்பின. உடைந்த பலகைகள் மிதந்த கொந்தளிப்புக்குள் நுழைந்து, அந்தப் படகுகளில் வந்தவர்கள் 41 பேரைத் தூக்கியெடுத்தார்கள். ஒருவர் பாறையில் தாவித் தப்பினார். 50 பேர் மாண்டார்கள்.

அன்று கயிறு வீசியவர்கள் ஏன் நீரிற் குதிக்கவில்லை என்று கேட்பவர்கள் இருக்கலாம். குதித்திருந்தால் மாண்டவர் தொகை கூடியிருக்குமேயன்றிக் குறைந்திருக்காது. அவர்களைக் குறை சொல்ல எமக்கு மனம் வராது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2012இல் வெளியான மரண விசாரணை முடிவு அதனைத் தெளிவாகக் காட்டியது. தீவிலிருந்த பொலிஸாரிடமோ தொண்டர் கடல் மீட்புச் சேவையிடமோ அன்று பயன்படுத்தத்தக்க மீட்புப் படகு ஒன்றுகூட இருக்கவில்லை. அகதிப் படகுகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஒரு தீவின் நிலை இதுவாகும்.

தகுதியற்ற படகைக் கடலில் இறக்காதே என்பது சரியான விதியே. ஆயின் 'இறக்காதே' என்று சொன்னதோடு அந்த விதியின் கடமை முடிந்துவிடுகிறதா? தகுதியான படகை அங்கே கொண்டுவந்து நிறுத்தும்வரை அது பாதி விதியே ஆகும். மறு பாதியை எழுதாமல் விட்டவர்கள் கரையில் நின்றவர்கள் அல்லர், அலுவலகங்களில் இருந்தவர்கள்.

முழுமையான விதி எப்படி இருக்கும் என்பதற்கும் இந்நாட்டிலேயே சான்று உண்டு. 1997 ஜூலை 30ஆம் நாள் இரவு, நியூ சவுத் வேல்ஸின் திரெட்போ பனிச்சறுக்குக் கிராமத்தில் மலைச்சரிவு பெயர்ந்து இரண்டு விடுதிகளை மூடியது. ஓடிவந்தவர்கள் இடிபாடுகளில் இறங்கித் தேட முனைந்தார்கள். மேலே எஞ்சி நின்ற மண் எந்நேரமும் சரியலாம் என்பதால் அவர்கள் விலக்கப்பட்டார்கள். அந்தக் காத்திருப்பு எத்துணைக் கொடியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதன்மீது அன்று கடும் குறைகளும் எழுந்தன. ஆனால் அங்கே தடை மட்டும் விதிக்கப்படவில்லை. மண்ணியல் அறிஞர்கள் அழைக்கப்பட்டார்கள்; சரிவின் அசைவு கண்காணிக்கப்பட்டது; அதன்பின் மீட்பாளர் சிறுகச் சிறுக உள்ளே சென்றார்கள். மூன்றாம் நாட் காலையில் கொங்கிரீட் பலகைகளுக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஏறக்குறைய 65 மணி நேரம் புதையுண்டிருந்த ஸ்ருவர்ட் டைவர் உயிரோடு வெளியே வந்தார். ஏனைய 18 பேரும் மாண்டிருந்தார்கள்.

பின்னர் 2000ஆம் ஆண்டில் வெளியான விசாரணை முடிவு, வீதியோர மண்ணணையும் கசிந்த நீர்க்குழாயுமே அந்தச் சரிவுக்குக் காரணம் என்றது. அந்த வீதியின் ஆபத்தை உரிய காலத்தில் நீக்காத பொறுப்பை அது அதிகார பீடங்களின்மீது வைத்தது. மீட்பாளர் நள்ளிரவில் உயிரைப் பணயம் வைப்பதா இல்லையா என்று தவிக்க நேர்வது, பல ஆண்டுகளுக்கு முன்னர் பகல் வெளிச்சத்தில் எவரோ செய்யாமல் விட்ட வேலையின் விளைவு என்பதையும் நாம் மறத்தலாகாது.

துணிவு மட்டும் போதாது என்பதை விக்டோரியாவின் லின்டன் காட்டுத் தீ உணர்த்தியது. 1998 டிசெம்பர் 2ஆம் நாள், தண்ணீர் நிரப்பச் சென்றுகொண்டிருந்த வேளையில் காற்றுத் திசை மாறியது. ஜீலோங் மேற்குப் படையணியின் தொண்டர் ஐவர் தமது வாகனத்தோடு தீயில் அகப்பட்டு மாண்டார்கள். சம்பளம் வாங்காதவர்கள், அயலவரின் வீட்டைக் காக்கச் சென்றவர்கள். நீண்ட விசாரணை நடந்தது. வாகனத் தொட்டியில் ஒரு பகுதி நீர் தம்மைக் காப்பதற்கென எப்போதும் எஞ்சியிருக்க வேண்டும், குறைந்தபட்சப் பயிற்சி பெறாதவர் தீ முனைக்குச் செல்லலாகாது என்பவை அதன்பின் உறுதியாக்கப்பட்டன. இன்று அந்த விதிகளைச் சலிப்போடு படிக்கும் இளைஞன், ஐந்து பேரின் உயிர் கொடுத்து வாங்கிய வரிகளைப் படிக்கிறான்.

கடற் சட்டமும் இந்தச் சமநிலையைத்தான் தேடுகிறது. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற் சட்ட உடன்படிக்கை, கடலில் அழிவை எதிர்நோக்குவோருக்கு உதவும்படி கப்பல் தலைவரைப் பணிக்கிறது. தன் கப்பலுக்கும் அதில் உள்ளோருக்கும் பாரிய ஆபத்து நேராத அளவில் என்ற வரம்பையும் அதே வாசகத்தில் வைக்கிறது. 2009 நவெம்பர் தொடக்கத்தில் கொக்கோஸ் தீவுகளுக்கு அப்பால் இலங்கையர் வந்த படகு ஒன்று மூழ்கியது. இரவுக் கடலில் நின்று 27 பேரை ஏற்றியது ஓர் எரிவாயுக் கப்பல். 12 பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வரம்புச் சொற்கள் கைவிடுவதற்கான அனுமதி அல்ல என்பதை அந்தக் கப்பலோர் செயலிற் காட்டினார்கள்.

எமக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அலுவலகங்களின் மேசைகளுக்கு முன்னால் 'விதி இடங்கொடாது' என்ற வாசகத்தைக் கேட்டுக் கேட்டு, விதி என்றாலே மறுப்பு என்று எமது செவி பழகிவிட்டது. ஆகவே விதியை மீறுவதே மனிதத்தன்மை என்று நம்பிவிடுகிறோம். ஆனால் தம்மைக் காக்கும் விதியை மதித்ததனாலேயே அடுத்த அழைப்புக்கும் வரக்கூடிய மீட்பாளர் எமக்கு வேண்டும். தன்னை மறந்து பாய்கிறவர் ஒருமுறைதான் வருவார்.

இந்த உண்மை எமது வீட்டு வாசலிலும் நிற்கிறது. கோடை வந்தால் எமது குடும்பங்கள் கடற்கரைக்கும் ஆற்றுக்கும் அணைக்கட்டுக்கும் செல்கின்றன. பிள்ளை நீரில் தத்தளிப்பதைக் கண்டதும், நீந்தத் தெரியாத தந்தை பாய்கிறார். பிள்ளையை வேறொருவர் மீட்கிறார்; தந்தை திரும்புவதில்லை. இந்நாட்டுக் கரைகளில் இப்படி நேர்ந்த மரணங்கள் பல. தேர்ந்தவர்க்கே கடல் இரங்குவதில்லை. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று, போர்ட் கம்பல் அருகே சுற்றுலாப் பயணி ஒருவரைக் காக்கப் படகில் விரைந்த தொண்டர்களான தந்தையும் மகனும் மாண்டார்கள். பயணி பிழைத்தார். பயிற்சியும் படகும் உடையவர்களுக்கே இது நேருமாயின், வெறுங்கையோடு பாய்பவரின் கதி என்ன?

'தண்ணீர்ப் பக்கம் போகாதே' என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். அதுவும் பாதி விதியே. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டும் இறங்கக் கற்பிப்பதும், நீச்சல் பழக்குவதும், மிதக்கக்கூடிய ஏதாவதொன்றைக் கையில் எடுக்காமல் பிறரைக் காக்க நீரில் இறங்குவதில்லை என்று பெரியவர்கள் உறுதி கொள்வதும், 000 என்ற இலக்கத்தை ஆங்கிலம் அறியாத பாட்டிக்கும் சொல்லி வைப்பதும் அதன் மறு பாதி. எமது தமிழ்ப் பாடசாலைகளும் சங்கங்களும் ஆண்டுவிழாவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாகாதா?

அரசுக்கும் நாம் சொல்வது இதுவே. 'போகாதே' என்று கட்டளையிடும் அதிகாரம் எவரிடம் உண்டோ, 'இதோ, இதைக்கொண்டு போ' என்று கொடுக்கும் கடமையும் அவரிடமே உண்டு. அந்தக் கடமை பகலில் நிறைவேற்றப்பட்டிருந்தால், ஆபத்து வேளையில் பாவமா இல்லையா என்று எவரும் கணக்குப் பார்க்க வேண்டியிராது.