எங்க அண்ணா போட்டது

போன மாதம் மந்தைவெளிக்குப் போயிருந்தேன். மன்னி இருக்கும் ஃபிளாட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். சாமான்களை ஒழித்துக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தாள். பரண்மேல் ஒரு தகரப் பெட்டி. திறந்தால் அண்ணா படம் போட்ட நோட்டுகள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று இருந்தன.

அண்ணா போய் எட்டு வருஷம் ஆகிறது. அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சூப்பரின்டென்டாக ரிடையரானவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்ததும் பென்சிலும் நோட்டுமாகக் கபாலி கோயில் குளத்துப் படிக்கட்டுக்குப் போய்விடுவார். தெப்பம், அறுபத்து மூவர் கூட்டம், மாட வீதிக் காய்கறிக் கடைகள், சித்திரக்குளத்துப் படியில் தூங்குகிற நாய், எல்லாம் நோட்டில் ஏறும். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். "பரீட்சை எழுதி மேல வர வழியப் பாருடா, இந்தக் கிறுக்கல் சோறு போடுமா?" என்பார் அப்பா. அண்ணா நோட்டை மூடி வைத்துவிட்டு ரசத்துக்குச் சாதம் கேட்பார்.

அப்பாவாவது நேரே சொன்னார். நான் செய்தது அதைவிட மோசம். பாங்கில் சேர்ந்த புதிதில் அண்ணா கொடுத்த கோபுரப் படம் ஒன்றை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். ஒருநாள் மேனேஜர் குனிந்து பார்த்து, "பிரமாதமா இருக்கே, யார் போட்டது?" என்று கேட்டார். "வீட்டுல ஒருத்தர், சும்மா பொழுதுபோக்குக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்கு டிராஃப்ட் எடுக்க வந்திருந்த அண்ணா கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. டிராஃப்டை வாங்கிக்கொண்டு, சிரித்துவிட்டுப் போனார்.

நம் குடும்பங்களில் இது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. பிள்ளைக்கு எங்கே வேலை, என்ன சம்பளம், எந்த ஊரில் கிரீன் கார்டு என்பதைக் கேட்காமலே சொல்வோம். அதே வீட்டில் ஒரு பெண் கதை எழுதினால், பையன் மிருதங்கம் வாசித்தால், "ஏதோ பண்றான்" என்று இழுப்போம். கண் பட்டுவிடும், தலைக்கனம் வந்துவிடும், நாமே சொன்னால் தற்பெருமை ஆகிவிடும் என்று மூன்று சாக்கு வைத்திருக்கிறோம். வள்ளுவர் காட்டும் தாய்கூட, மகனைப் பற்றி ஊரார் சொல்லக் கேட்டுத்தான் பூரிக்கிறாள். நாம் அதையே சட்டமாக எடுத்துக்கொண்டோம். ஊரார் சொல்லும்வரை வாயைத் திறப்பதில்லை. ஊரார் சொல்லாமலே போய்விட்டால்?

இதே மயிலாப்பூரில் வேறு மாதிரி இருந்த வீடும் உண்டு. நடுத் தெருவில் சுந்தரம் ஐயர் என்று ஒரு வக்கீல். 1934-இல் பிரபாத் கம்பெனி தமிழில் 'சீதா கல்யாணம்' எடுத்தபோது அவருடைய மகன் எஸ். ராஜம் ராமராக நடித்தார். மகள் ஜெயலட்சுமி சீதை. ராவணன் சபையில் வரும் சின்னப் பையன் இன்னொரு மகன், எஸ். பாலசந்தர். இதெல்லாம் போதாதென்று வக்கீலே ஜனக மகாராஜா வேஷம் கட்டினார். நல்ல குடும்பத்துப் பெண் சினிமாவில் நடிப்பதா என்று ஊர் கேட்ட காலம் அது. அதிலும் அண்ணனும் தங்கையும் ராமர் சீதையாக! "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று அவர் வாசலில் நின்றுவிடவில்லை. பிள்ளைகளோடு காமிராவுக்கு முன்னால் போய் நின்றார்.

பின்னால் நடந்தது நமக்குத் தெரியும். ராஜம் பாடகராகவும் ஓவியராகவும் வாழ்ந்தார். நம்மில் பலர் வீட்டிலும் சபாக்களிலும் மாட்டியிருக்கும் சங்கீத மும்மூர்த்திகள் படம் அவர் வரைந்ததுதான். கோடீஸ்வர ஐயரின் 72 மேளகர்த்தா கீர்த்தனைகளைப் பாடிப் பரப்பியவரும் அவர்தான். பாலசந்தர் பாட்டே இல்லாத 'அந்த நாள்' படத்தை 1954-இல் இயக்கினார். வீணையில் அவருக்கென்று ஒரு வழியை வகுத்துக்கொண்டார். 1982-இல் பத்ம பூஷண் வந்தது. ராஜம் 2010-இல், தொண்ணூறாவது வயதில் காலமானார். ஆனால் 1934-இல் இதில் எதுவும் சுந்தரம் ஐயருக்குத் தெரிந்திருக்க வழியில்லையே!

இன்னொரு குடும்பம் வீணை தனம்மாளுடையது. அவருடைய பேத்தி பாலசரஸ்வதி ஏழு வயதில், 1925-இல் அரங்கேறினார். சதிர் என்றாலே முகம் சுளிக்கிற காலம் வந்துகொண்டிருந்தது. அவர் ஆடியபோது பின்னால் உட்கார்ந்து பாடியவர் அம்மா ஜெயம்மாள். தம்பி விஸ்வநாதன் புல்லாங்குழல் வாசித்தார். இன்னொரு தம்பி ரங்கநாதன் மிருதங்கம். மியூசிக் அகாடமி 1973-இல் பாலாவுக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. நடனக் கலைஞர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. அகாடமி சொல்வதற்குப் பல வருஷம் முன்பே வீடு சொல்லிவிட்டது. அதுவும் பாட்டாகவே சொல்லிவிட்டது.

"அதெல்லாம் மேதைகள் சார், உங்க அண்ணா அப்படியா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அண்ணாவின் படங்களை ஓவியம் தெரிந்தவர் பார்த்தால் "சுமார்" என்று சொல்லக்கூடும். ஆனால் பதினான்காவது நோட்டில் எங்கள் பழைய வீடு இருக்கிறது. கிணறு, துளசி மாடம், கொடியில் அம்மாவின் ஒன்பது கஜம், திண்ணையில் கால் நீட்டித் தூங்குகிற நான். அந்த வீட்டுக்கு ஒரு போட்டோகூட எங்களிடம் கிடையாது. வீட்டை விற்று, அங்கே மூன்று மாடி எழும்பி எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்த வீடு இப்போது இருப்பது அண்ணாவின் பென்சில் கோட்டில்தான். ஊருக்கு அது சுமாராக இருக்கட்டும். வீட்டுக்காரன் அதை ஊர் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டா பெருமைப்பட வேண்டும்?

அதற்காகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எதைப் போட்டாலும் "சூப்பர்" என்று கைதட்டல் பொம்மை அனுப்புவதைப் பெருமை என்று நான் சொல்லவில்லை. படத்தைத் திறந்து பார்க்காமலே கை தட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், நானே தட்டியிருக்கிறேன். பெருமை என்பது நேரம் கொடுப்பது. மார்கழியில் மருமாளுக்கு மத்தியானக் கச்சேரி கிடைத்தால், போய் முதல் உருப்படியிலிருந்து மங்களம் வரை உட்காருங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு நேரே கேன்டீனுக்கு நழுவாதீர்கள். கீரை வடை எங்கேயும் போகாது. சித்தப்பா புத்தகம் போட்டால் ஓசிப் பிரதி கேட்காமல் காசு கொடுத்து வாங்குங்கள். படித்துவிட்டு, எந்த இடம் பிடித்தது, எந்த இடம் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். "இதுல எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். யாராவது "இது யார் செய்தது?" என்று கேட்டால், பெயரையும் உறவையும் வாய் நிறையச் சொல்லுங்கள்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் மன்னி வீட்டுக்குப் போகிறேன். அண்ணா பல படங்களில் தேதி மட்டும் போட்டிருக்கிறார். இது எந்தத் தெரு, இது யார் என்று மன்னி சொல்லச் சொல்ல, நான் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறேன். ஒன்பது நோட்டு முடிந்திருக்கிறது. மன்னிக்கு எண்பத்திரண்டு வயது. எனக்கும் அவசரம்தான். சில முகங்களை இரண்டு பேராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. அண்ணா இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். வரைந்தவரோ எழுதியவரோ இன்னும் இருக்கிறார் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். இன்றைக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

அந்தக் கோபுரப் படத்தைத் தேடி எடுத்துச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் நேற்று நின்று பார்த்தான். "யாரு சார் வரைஞ்சது?" என்றான்.

"எங்க அண்ணா போட்டதுப்பா" என்றேன். சொல்ல நாற்பத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது.